மெல்பனில் இருக்கும் தம்பிக்குப் பழைய டொயோட்டா 86 வாங்கலாமா? நிறைகுறைகளைச் சொல்லுங்கள்

ஆனைமலைத் தோப்பு:

அனைவருக்கும் வணக்கமுங்க. ஆனைமலையில் தென்னந்தோப்பும் ஒரு சிறிய நார் மில்லும் வைத்திருக்கிறேன். பிக்கப் வண்டி, டிராக்டர், வீட்டுக்கு ஒரு கார் என்பதற்கு மேல் எனக்கு வண்டி அனுபவம் கிடையாது. படிக்கப் போய் மெல்பனிலேயே வேலையில் அமர்ந்துவிட்ட என் தம்பி, தன் முதல் வண்டியாகப் பழைய டொயோட்டா 86 கூபே ஒன்றை வாங்க வேண்டும் என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பணம் அவன் சேர்த்தது; 20,000 ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கி வைத்திருக்கிறான். ஆனாலும் அப்பாவின் சம்மதம் இல்லாமல் வாங்க அவனுக்கு மனம் வரவில்லை. அப்பாவோ, "ரெண்டு கதவு வண்டியில நாளைக்கு யாரை ஏத்துவ?" என்ற ஒரே கேள்வியில் நிற்கிறார். முடிவை இருவரும் என் தலையில் வைத்துவிட்டார்கள். இந்த வண்டி இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வந்ததே இல்லை என்பதால், கோயமுத்தூர் போய் ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கவும் வழியில்லை.

நான் படித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். 2012இல் இது ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது தொடக்க விலை 29,990 டாலர். பின்சக்கர இழுவை கொண்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கூபே அந்த விலைக்குக் கிடைத்தது அங்கே பெரிய செய்தியாக இருந்திருக்கிறது. 2 லிட்டர் எஞ்சின், 147 கிலோவாட் திறன், எடை 1,250 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தம்பி வைத்திருப்பது பச்சை 'பி' உரிமம், அதாவது புதிய ஓட்டுநர்களுக்கான தற்காலிக உரிமம். விக்டோரியா மாநில விதிப்படி அந்த உரிமக்காரர்கள் ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் திறனுள்ள வண்டியை ஓட்டக்கூடாதாம். இந்த வண்டி ஏறத்தாழ 119இல் நிற்கிறது. 2022இல் அங்கே வந்த புதிய ஜிஆர் 86, 174 கிலோவாட் திறனுடன் 135 அளவுக்குப் போய்விடுவதால் அதை அவன் தொட முடியாது. ஆக, பழைய தலைமுறையைத்தான் பார்க்க வேண்டும்.

வேலைக்கு அவன் ரயிலில் போகிறான். வண்டி சனி, ஞாயிறுக்குத்தான். யாரா மலைப்பக்கம் அடிக்கடி போவதாகச் சொல்கிறான். இதை ஓட்டியவர்கள், எஞ்சின் வேலை தெரிந்தவர்கள், நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கோபி அம்மிணி:

சிட்னியில் இருந்த காலத்தில் இதே வண்டியை நான்கு ஆண்டுகள் வைத்திருந்தேன். 2013ஆம் ஆண்டின் ஜிடிஎஸ் என்ற உயர்வகை, ஆறு கியர், கைக்கியர். கோபிக்குத் திரும்பும்போது அதை விற்ற நாள் இன்றும் நினைவில் இருக்கிறது. அதனால் என் கருத்து அன்பின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்; அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்.

இந்த வண்டியின் சுகம் வேகமானியில் தெரிவதில்லை. சிட்னிக்கு வடக்கே ஓல்ட் பசிபிக் ஹைவே என்று ஒரு பழைய மலைச்சாலை இருக்கிறது. வேக வரம்பு 60 கிலோமீட்டர்தான். அந்த 60க்குள்ளேயே, வளைவுக்கு முன் பிரேக்கை விட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, மூக்கு எவ்வளவு திரும்புகிறது, பின்சக்கரங்களுக்கு எப்போது பாரம் ஏறுகிறது, எந்த இடத்தில் தார் நயமாகிறது என்பதையெல்லாம் இருக்கை வழியாக இடுப்பில் உணர முடியும். உட்காரும் இடம் அவ்வளவு தாழ்வு; பக்கத்து லேனில் போகும் லாரியின் சக்கர நட்டுகள் என் கண் மட்டத்தில் சுற்றும். ஆனாலும் முன்சக்கரங்களுக்கு மேலே பானெட் இரண்டு பக்கமும் புடைத்திருப்பதால், சக்கரம் எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். குறுகிய வளைவில் அது பெரிய துணை. கியர் மாற்றுவது முதலில் கொஞ்சம் கனமாக இருந்தது. எண்ணெய் சூடாகாத காலை நேரத்தில் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கும். பத்து நிமிடம் ஓடிய பிறகு, தறியில் நாடா போய் வருவது போல இடம் மாறும்.

குறைகளைச் சொல்கிறேன். முதலாவது, சத்தம். சொரசொரப்பான சாலையில் டயரின் இரைச்சல் உள்ளே அப்படியே கேட்கும். சக்கர வளைவில் சிறு கல் தெறித்தால் தகரப்பெட்டியில் சோளம் கொட்டுவது போல இருக்கும். நீண்ட பயணத்தில் தொலைபேசிப் பேச்சே கடினம். இரண்டாவது, பின் இருக்கை. கணக்குக்குத்தான் நான்கு இருக்கைகள். கோபியிலிருந்து அம்மா வந்து ஒரு மாதம் தங்கியிருந்தபோது, முன் இருக்கையில் ஏறி இறங்குவதற்கே முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டார். சேலையோடு அவ்வளவு தாழ்வான இருக்கையிலிருந்து எழுவதற்கு நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. பின்னால் கைப்பையும் காய்கறியும்தான் போகும். ஆனால் பின் இருக்கையின் முதுகை மடக்கிவிட்டால் நான்கு டயர்கள் படுக்கும் அளவுக்கு இடம் கிடைக்கும். ஒருமுறை ஒரு சிறிய புத்தக அலமாரியையே அப்படிக் கொண்டுவந்தேன்.

மூன்றாவது குறையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அது உண்மையும்கூட. நிமிடத்துக்கு 3,500 சுற்றிலிருந்து சுமார் 4,500 சுற்று வரைக்கும் எஞ்சினின் இழுவையில் ஒரு பள்ளம் இருக்கிறது. மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் மேலே போகும். நெடுஞ்சாலையில் ஆறாம் கியரில் முந்த நினைத்தால் முடியாது. நான்காம் கியருக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். இது பழக்கத்தில் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு நான்கு ஆண்டுகளிலும் அது சரியாகவில்லை. சரியான கியரில் இருக்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

பெட்ரோல் 100 கிலோமீட்டருக்கு 7.8 லிட்டர் என்று நிறுவனம் சொன்னது; எனக்கு ஒன்பதுக்குப் பக்கத்தில் ஆனது. 98 ஆக்டேன் பெட்ரோல் போட வேண்டும் என்பதையும் தம்பி மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

பீளமேடு லேத்து:

அம்மிணி சொன்ன இழுவைப் பள்ளத்துக்கும் அந்த வளைவுச் சுகத்துக்கும் வேர் எஞ்சினில்தான் இருக்கிறது. நாங்கள் பம்ப் ஷாஃப்ட் கடைந்து பேலன்ஸ் பார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் என்பதால், இந்த எஞ்சினை நான் கொஞ்சம் ஆர்வத்தோடு படித்திருக்கிறேன்.

டொயோட்டா என்று பெயர் இருந்தாலும் எஞ்சின் சுபாருவுடையது. வண்டி உருவாவதும் ஜப்பானின் குன்மா மாகாணத்தில் உள்ள சுபாரு தொழிற்சாலையில்தான். சுபாரு பிஆர்இசட் என்பது இதன் உடன்பிறப்பு. தம்பி தேடும்போது இரண்டு பெயரிலும் தேட வேண்டும். பாகங்களில் பெரும்பகுதி பொதுவானவை. எஞ்சினின் நான்கு சிலிண்டர்களும் செங்குத்தாக நிற்காமல், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கின்றன. எதிரெதிரே இருக்கும் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் வெளியே போய் ஒரே நேரத்தில் உள்ளே வருவதால், ஒன்று உதைக்கும் உதையை மற்றொன்று அணைத்துவிடுகிறது. சாதாரண நான்கு சிலிண்டர் எஞ்சினில் வேகம் ஏற ஏற வரும் அந்த நடுக்கம் இதில் பெரும்பாலும் வராது. அதைவிட முக்கியமானது உயரம். படுத்த எஞ்சினைத் தாழ்வாக, பின்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். முழு வண்டியின் ஈர்ப்பு மையமும் தரையிலிருந்து அரை மீட்டருக்குள் அடங்கிவிட்டது. எடையில் 53 பங்கு முன்னேயும் 47 பங்கு பின்னேயும் நிற்கிறது.

சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் சரியாக 86 மில்லிமீட்டர். எண்பதுகளில் வந்த கொரோலா ஏஇ86 என்ற இலகுவான பின்சக்கர இழுவை வண்டியின் நினைவாக வைத்த பெயருக்கு இந்த அளவும் பொருந்தி வந்திருக்கிறது. சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர்கள். ஒன்று நேராக எரிகலத்துக்குள்ளும், மற்றொன்று உள்ளிழுக்கும் குழாயிலும் பெட்ரோலைத் தெளிக்கிறது. இந்த ஏற்பாட்டால் வால்வுகளின் முதுகில் கரி படிவது குறைகிறது. பழைய வண்டி வாங்குகிறவருக்கு இது பெரிய நிம்மதி. அழுத்த விகிதம் 12.5க்கு 1 என்பதால்தான் உயர்ந்த ஆக்டேன் கேட்கிறது. டர்போ கிடையாது. 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் 6,400 சுற்றில்தான் முழுதாகக் கிடைக்கிறது. மேலே பாடுவதற்காகக் கட்டிய எஞ்சின் நடுவில் மூச்சு வாங்குகிறது. உள்ளே போகும் காற்றும் வெளியே போகும் புகையும் குழாய்களில் ஒத்திசையாத சுற்று வேகம் அது. புகைக்குழாய்த் தொகுப்பை மாற்றி, எஞ்சின் கணினியைத் திருத்தினால் பள்ளம் பெருமளவு நிரம்பும் என்கிறார்கள்.

ஆனால் தம்பிக்கு அந்த வழி வேண்டாம். திறனைக் கூட்ட எஞ்சினில் கைவைத்த வண்டியை 'பி' உரிமக்காரர் ஓட்டுவதற்கு விக்டோரியாவில் தடை இருக்கிறது. ஏற்கெனவே யாரோ மாற்றி வைத்த வண்டியை விலை குறைவு என்று வாங்கிவிடவும் கூடாது.

ஈரோட்டு மஞ்சள்:

நான் மாற்றுக் கருத்தைச் சொல்லி விடுகிறேன். நடுவில் இழுக்காத எஞ்சினுக்கும், உட்கார முடியாத பின் இருக்கைக்கும் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? அதே காலத்தில் அங்கே ஹூண்டாய் வெலோஸ்டர் டர்போ விற்றது. 1.6 லிட்டர் டர்போ எஞ்சின், 150 கிலோவாட், 265 நியூட்டன் மீட்டர். அந்த இழுவை 2,000 சுற்றுக்கு முன்பே வந்துவிடுகிறது. ஓட்டுநர் பக்கம் ஒரு கதவு, நடைபாதைப் பக்கம் இரண்டு கதவுகள். பார்வைக்குக் கூபே, பெரியவர்கள் ஏறவும் இறங்கவும் ஒரு கதவு கூடுதல். ஆனைமலை ஐயாவின் கேள்விக்கு நேரான பதில் அதில் இருக்கிறது. பழைய வண்டிச் சந்தையில் 86ஐ விட விலையும் இறங்கியே இருக்கும். 86க்கு இருக்கும் பெயரால் அதன் விலை இறங்க மறுக்கிறது என்பதையும் ஒரு குறையாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

செட்டிபாளையம் வளைவு:

ஈரோட்டு அண்ணன் சொன்ன கணக்கில் பிழை இல்லை. வேலைக்குத் தினமும் ஓட்டும் வண்டியாக இருந்தால் நானும் வெலோஸ்டரையே சொல்வேன். ஆனால் அது முன்சக்கர இழுவை. அதே இரண்டு முன்சக்கரங்கள் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். வளைவுக்குள் மிதித்தால் மூக்கு வெளியே தள்ளும். அந்தத் தம்பி கேட்பது வார இறுதியில் மலைச்சாலைக்கு ஒரு வண்டி. கேள்வி வேறு என்பதால் விடையும் வேறாகத்தான் இருக்கும்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பல ஆண்டுகளாகப் பந்தய நாள்களில் கொடி பிடித்து நிற்பவன் நான். அந்தப் பாதையின் நீளம் 2.1 கிலோமீட்டர்தான். வெறும் குதிரைத்திறனால் அங்கே நேரத்தைக் குறைக்க முடியாது; வளைவில் எவ்வளவு வேகத்தை இழக்காமல் வைத்திருக்கிறோம் என்பதுதான் அங்கே கணக்கு. யார் பெயரால் அந்தத் திடல் இருக்கிறதோ அந்தக் கரிவரதன், மாருதி 800இன் சின்ன எஞ்சினை வைத்துக் கோயமுத்தூரில் ஃபார்முலா மாருதி என்ற பந்தய வண்டி கட்டியவர். நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதி ஓட்டி வளர்ந்தவர்தான். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சின்ன எஞ்சினும் குறைந்த எடையும் ஓட்டுகிறவருக்கு என்ன கற்றுக்கொடுக்கும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

86ஐ உருவாக்கிய தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடா அதே பாதையில்தான் போனார். டர்போ வேண்டாம், நான்கு சக்கர இழுவை வேண்டாம், பிடிப்பு மிகுந்த அகல டயரும் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஜிடிஎஸ் வண்டியில் வந்த 215 மில்லிமீட்டர் மிஷெலின் பிரைமசி டயர், சிக்கனத்துக்குப் பெயர்போன டொயோட்டா பிரியஸிலும் போட்ட வகை. அந்த டயர் ஒரேயடியாக விட்டுவிடாது; விடப்போகிறேன் என்று முதலில் முணுமுணுக்கும், பிறகு மெல்ல நழுவும். அந்த முணுமுணுப்பைக் காதில் வாங்கிக் காலைச் சற்றே தளர்த்தக் கற்றுக்கொண்டால், ஓட்டுநர் என்ற பெயருக்குத் தகுதி வந்துவிடும்.

இப்போது எச்சரிக்கை. நான் கண்டவரை இந்த வண்டியில் மிகப் பெரிய குறை மழையில்தான். தேய்ந்த டயரும், ஈரச் சாலையும், அவசரக் காலும் சேர்ந்தால் பின்பக்கம் சட்டென்று சுற்றும். தம்பி போவதாகச் சொல்லும் யாரா மலைப்பக்கத்தில் ஹீல்ஸ்வில் தாண்டிய பிளாக் ஸ்பர் சாலை, இருபுறமும் மிக உயர்ந்த மரங்கள் அடர்ந்தது. வெயில் படாமல் நாள் முழுக்க ஈரம் காயாத இடங்களும், இலைச் சருகும் அங்கே இருக்கும். நம் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் சாரல் நேரத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். நழுவலைத் தடுக்கும் கட்டுப்பாட்டை அணைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. முதல் ஓர் ஆண்டுக்குச் சாலையில் அதன் மேல் விரலே படக்கூடாது. நழுவினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை இருந்தால், விண்டன் அல்லது சாண்டவுன் போன்ற பந்தயத் திடலில் பழகுநர் நாள் ஒன்றுக்குப் பணம் கட்டட்டும். போகும் முன் பிரேக் திரவத்தைப் புதிதாக மாற்றிவிட்டுப் போகட்டும்.

கரூர்க் கூண்டு:

பேருந்துக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வளர்ந்தவன் நான். கூரையில் நூறு கிலோ ஏற்றினால் வண்டி வளைவில் எப்படி ஆடும் என்பதை ஓட்டுநர்கள் வந்து சொல்லக் கேட்டிருக்கிறேன். எடையைக் கீழே வைத்தால் என்ன கிடைக்கும் என்று பீளமேட்டுக்காரர் எழுதியது முற்றிலும் சரி.

ஆனால் ஆனைமலை ஐயாவின் கேள்வியை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். "யாரை ஏத்துவ?" என்று அவர் கேட்பது கதவைப் பற்றி அல்ல, தம்பியின் அடுத்த ஐந்து வருடத்தைப் பற்றி. கல்யாணம் ஆனால் இருவர் போதும். குழந்தை வந்தால் இந்த வண்டி போதாது, அன்றைக்கு விற்கத்தான் வேண்டும். அப்படி விற்க மனம் இடம் கொடுக்கும் என்றால் வாங்கட்டும். ஈரோட்டு அண்ணன் குறையாகச் சொன்ன அந்த இறங்காத விலை, விற்கும் நாளில் தம்பிக்குத் துணை நிற்கும்.

திருச்செங்கோடு ரிக்:

எங்கள் போர்வெல் தொழிலில் கீழ்ச்சுற்றில் இழுக்காத எஞ்சினை யாரும் சீண்டமாட்டார்கள். கம்ப்ரசர் ஓட்டும் எஞ்சின் 1,800 சுற்றில் முழு வேலை செய்ய வேண்டும். 6,400 சுற்றில்தான் பலம் வரும் என்றால் அந்த எஞ்சின் எத்தனை நாள் தாங்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீளமேடு லேத்து:

நியாயமான கேள்வி. டீசலின் கனமான பிஸ்டனை அந்த வேகத்தில் ஓட்டினால் தாங்காதுதான். இங்கே ஓட்டம் 86 மில்லிமீட்டர்தான், பாகங்கள் இலகுவானவை, மேல்சுற்றுக்கென்றே கட்டியது. நேரத்துக்கு எண்ணெய் மாற்றி, குளிர்ந்த எஞ்சினை உடனே விரட்டாமல் இருந்தால் நன்றாகவே உழைக்கும். அதில் போடுவது 0டபிள்யூ-20 என்ற மிக மெல்லிய எண்ணெய். அளவு குறைந்தால் அது மன்னிக்காது. எண்ணெய் ஃபில்டர் எஞ்சினின் தலைமேலேயே இருப்பதால் மாற்றுவது எளிது. ஸ்பார்க் பிளக் மாற்றுவதுதான் தொல்லை. சிலிண்டர் தலைகள் இரண்டு பக்கச் சட்டங்களை ஒட்டி இருப்பதால் கை நுழைய இடம் இல்லை, கூலியும் அதற்கேற்ப ஆகும்.

ஒரு வரலாறு இருக்கிறது, அதை விரிவாகவே சொல்கிறேன். 2012, 2013ஆம் ஆண்டுகளின் தொடக்ககால வண்டிகளில் வால்வு ஸ்பிரிங் உடையக்கூடும் என்று கண்டறிந்து, 2018 இறுதியில் இரண்டு நிறுவனங்களும் உலகெங்கும் வண்டிகளைத் திரும்ப அழைத்தன. சாதாரண எஞ்சினில் மேல் மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் கைக்கு வந்துவிடும். படுத்த எஞ்சினில் அதற்காக எஞ்சினையே வண்டியிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. திரும்பப் பூட்டும்போது அடைப்புப் பசை அதிகமாகி, எண்ணெய் வழியில் போய் அடைத்து, நன்றாக இருந்த எஞ்சினும் பழுதானதாகப் புகார்கள் எழுந்தன. அதனால் 2012, 2013 வண்டி வந்தால் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அந்த வேலை தேவைப்பட்டதா, எப்போது செய்தார்கள், அதற்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற மூன்றையும் கேட்க வேண்டும். என் கருத்து, அந்த ஆண்டுகளையே விட்டுவிட்டு 2016 இறுதிக்குப் பிறகு வந்த திருத்திய வண்டியைத் தேடுவது நல்லது. கைக்கியர் வண்டியில் திறன் 152 கிலோவாட்டாகவும் முறுக்குவிசை 212 ஆகவும் கூடியது. பின் டிஃபரன்ஷியல் விகிதம் 4.1இலிருந்து 4.3 ஆனதால், அம்மிணி சொன்ன பள்ளத்தை வண்டி சற்று விரைவாகத் தாண்டிவிடும். உரிமக் கணக்கிலும் அது 130க்குள்தான் இருக்கிறது.

பார்க்கப் போகும் நாளில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். கிளட்சை மிதித்து விட்டு, மிதித்து விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். குருவி கத்துவது போல வந்தால் ரிலீஸ் பேரிங் போகிறது என்று பொருள். பேரிங் விலை குறைவு, ஆனால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். எஞ்சின் பக்கம் சுவர்க்கோழி கத்துவது போலக் கேட்டால் அது பெட்ரோலின் உயரழுத்தப் பம்ப். ஆரம்ப கால வண்டிகளில் அது சாதாரணம். பின் விளக்குக்குள் நீர் கோத்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

ஆனைமலைத் தோப்பு:

எல்லோருக்கும் நன்றிங்க. இங்கே வந்த பதில்களை நேற்று இரவு திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கரூர் அண்ணன் எழுதியதைக் கேட்டதும், "இவருக்குப் புரிஞ்சிருக்கு" என்றார். குழந்தை வந்தால் விற்றுவிட வேண்டும் என்ற ஒப்பந்தத்துக்குத் தம்பி சம்மதித்துவிட்டான். மழைச் சாலையைப் பற்றிச் செட்டிபாளையம் அண்ணன் எழுதிய பகுதியை அப்பா இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். 1990களில் தேங்காய் லாரியோடு வால்பாறை இறக்கத்தில் சறுக்கி நின்ற அனுபவம் அவருக்கு உண்டு. அதைத் தம்பிக்கு அவரே தொலைபேசியில் விவரித்தார். இனித் தம்பியே இங்கே எழுதுவான்.

யாராக் கரை:

அண்ணன்மார்களுக்கும் கோபி அக்காவுக்கும் வணக்கம். ஆனைமலைத் தோப்பின் தம்பி நான்தான். மூன்று வண்டிகளைப் பார்த்தேன். முதலாவதில் புகைக்குழாய் மாற்றியிருந்தது, சாவியைக்கூட வாங்கவில்லை. இரண்டாவது 2013ஆம் ஆண்டு வண்டி. வால்வு ஸ்பிரிங் வேலைக்கு உரிமையாளரிடம் காகிதம் இல்லாததால் விட்டுவிட்டேன்.

மூன்றாவது 2017ஆம் ஆண்டு ஜிடிஎஸ், 71,000 கிலோமீட்டர். நான் போனபோது பானெட்டில் கை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. உரிமையாளரிடம் மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அடுத்த நாள் ஏழு மணிக்குக் குளிர்ந்த எஞ்சினை நானே இயக்கினேன். எஞ்சின் சுத்தமாக இருந்தது, ஆனால் கிளட்சை விடும்போது அந்தக் குருவிச் சத்தம் தெளிவாகக் கேட்டது. வலது பின் விளக்கின் கீழ் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஈரம் படிந்திருந்தது. முன் டயர்கள் ஒரு நிறுவனம், பின் டயர்கள் வேறு நிறுவனம். பின் டயர்களின் உள்விளிம்பு வழவழப்பாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. தரையில் படுத்துக் கைபேசி வெளிச்சத்தில்தான் தெரிந்தது.

பிறகு ஓட்டினேன். அக்கா சொன்ன பள்ளம் இருக்கிறது. மூன்றாம் கியரில் 4,000 சுற்றுக்கு முன்னும் பின்னும் அதை நன்றாக உணர்ந்தேன். ஒரு ரவுண்டானாவைச் சுற்றி வரும்போது அக்கா சொன்ன மற்றொன்றையும் உணர்ந்தேன். 40 கிலோமீட்டர் வேகம்தான், ஆனால் வண்டி என்னோடு பேசியது. பேரிங், கூலி, நான்கு டயர் ஆகியவற்றுக்கான மதிப்பீட்டை எழுதி வாங்கி உரிமையாளரிடம் காட்டினேன். அந்தத் தொகையைக் குறைக்கச் சம்மதித்துவிட்டார். சாலைத் தகுதிச் சான்று அவரே எடுத்துத் தருகிறார். வண்டி மீது கடன் பாக்கி இருக்கிறதா என்று அரசின் பதிவேட்டில் 2 டாலர் கட்டிப் பார்த்துவிட்டேன், இல்லை. பழகுநர் நாளுக்கு விண்டனில் பெயர் கொடுக்கப் போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். டயர் கடைக்காரர் 235 அகலம் போட்டால் பிடிப்பு கூடும் என்கிறார். போடலாமா அக்கா?

கோபி அம்மிணி:

வேண்டாம் தம்பி. 215/45, 17 அங்குலம் என்று கதவுச் சட்டத்தில் எழுதியிருப்பதையே போடு. நான்கும் ஒரே நிறுவனமாக, மழையில் நல்ல பெயர் எடுத்த டயராக இருக்கட்டும். அகலத்தைக் கூட்டினால், செட்டிபாளையம் அண்ணன் சொன்ன அந்த முணுமுணுப்பு உனக்குக் காலம் தாழ்ந்துதான் கேட்கும், அதுவும் கூடுதல் வேகத்தில். டயர் மாற்றியதும் சக்கர அலைன்மென்ட் பார்க்கச் சொல். பின் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அதற்குக் காரணம் அங்கேதான் இருக்கும். காற்றழுத்தத்தை வண்டி ஓடுவதற்கு முன், காலையிலேயே பார்த்துக்கொள்.